மருந்தின் ஐந்தாவது கூறு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் இலக்கியத்தில் ஈகை என்ற பொருளில் உரையாற்றும்படி இந்நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் என்னைக் கேட்டிருந்தார். சில வருடங்களுக்கு முன்னர் கேட்டிருந்தால் பாரியின் தேரிலே தொடங்கி, பேகனின் போர்வையைத் தொட்டு, கர்ணனின் கவச குண்டலங்களிலே முடித்திருப்பேன். வகுப்பறையில் இந்த வரிசையை எத்தனையோ தடவை ஒப்புவித்திருக்கின்றேன். ஆனால் கடந்த நான்கு வருடங்களாக ஈகை என்பது எனக்கு ஏட்டிலே உள்ள சொல்லாக இல்லை. அது என் உடம்பைப் பற்றிய சொல்லாகிவிட்டது. ஆகையால் என் சொந்தக் கதையினூடாகவே இன்றைய பொருளுக்குள் வர நினைக்கின்றேன். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். வயது 47. என்னுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் வைத்தியசாலைக்குச் சென்று, இயந்திரத்தின் உதவியோடு என் குருதியைச் சுத்திகரித்துக்கொண்டு வாழ்கின்றேன். என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்லதொரு வழியும் உண்டு. உயிரோடிருக்கும் ஒருவர் தம்முடைய சிறுநீரகங்களில் ஒன்றை மனமுவந்து தருவதே அந்த வழி. அப்படி ஒருவர் வருவார் என்று காத்திருப்பவன் நான்.

திருக்குறளிலே மருந்து என்றோர் அதிகாரம் உண்டு. 95ஆவது அதிகாரம். அதன் முடிவிலே வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன் ஒன்று. இந்த நான்கும் சரியாக அமைந்தால் நோய் தீரும் என்பது அவர் கருத்து. உரையாசிரியர்களின் விளக்கத்தோடு இதைப் படிப்பித்த காலத்தில் இது எவ்வளவு நிறைவான வகுப்பு என்று வியந்திருக்கின்றேன். இன்று என் நிலையில் இருந்து பார்க்கும்போது அந்தக் கணக்கில் ஓர் இடம் வெறுமையாகக் கிடப்பது தெரிகின்றது. என்னிடம் நோயாளி உண்டு, அது நானே. வைத்தியர் உண்டு. மருந்து உண்டு. பணிவிடை செய்ய மனைவி உண்டு. ஐந்தாவது ஆள் ஒருவர் வேண்டும். வள்ளுவர் காலத்தில் அப்படியொருவருக்கு மருத்துவத்தில் வேலை இருக்கவில்லை. ஆனால் அவரை வள்ளுவர் அறியாதவர் அல்லர். அன்புடைமையைப் பாடும்போது, அன்புடையவர்கள் தங்கள் எலும்பையும் பிறர்க்கென்றே வைத்திருப்பவர்கள் என்ற கருத்தைச் சொல்லி வைத்திருக்கின்றார். அவர் அந்த ஆளை மருந்து அதிகாரத்தில் வைக்காமல் அன்பு அதிகாரத்தில் வைத்தார். அது எவ்வளவு பொருத்தம் என்பதைப் பின்னர் கூறுவேன்.

நோய் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன். யாருக்காவது பயன்படலாம்.

எங்கள் உடம்பிலே முதுகுப்புறமாக, கைமுட்டி அளவிலே இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நிறையும் ஏறக்குறைய 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுத்து, வேண்டியதைத் திரும்பவும் குருதிக்கே கொடுத்துவிட்டு, வேண்டாத ஒன்றரை லீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வளவு வேலையும் சத்தமில்லாமல் நடக்கும். கெட்டுப்போவதும் அப்படித்தான். முக்கால் பங்குக்கு மேல் பழுதான பின்னரும் ஆள் பள்ளிக்கூடம் போய்வரலாம், பட்டிமன்றத்தில் பேசலாம், கோயில் திருவிழாவில் தேர் இழுக்கலாம்.

எனக்குக் குருதியமுக்கம் இருந்தது. குளிசை தந்திருந்தார்கள். தலையிடி இல்லாத நாட்களில் அதை எடுக்க மாட்டேன். பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலங்களில் முதுகு நோவென்று நோமாத்திரைகளை வாங்கி விழுங்குவேன். சிறுநீர் நுரைத்துப் போனதைக் கண்டேன், பொருட்படுத்தவில்லை. பின்னேரங்களில் கால் வீங்கியது, நின்று படிப்பிப்பதால் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். 2021ஆம் ஆண்டு ஒருநாள் வகுப்பில் மூச்செடுக்க முடியாமல் கதிரையில் இருந்துவிட்டேன். மாணவர்கள்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். குருதியைச் சோதித்த இளம் வைத்தியர் முடிவைப் பார்த்துவிட்டு, "சேர், இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டார். அவர் என்னிடம் படித்த பிள்ளை. வீட்டுவேலை செய்யாமல் வந்த மாணவனைப் போலத் தலைகுனிந்து இருந்தேன்.

எங்கள் நாட்டின் வடமத்திய மாகாணத்திலே, நீரிழிவோ குருதியமுக்கமோ இல்லாத விவசாயிகளை ஒருவகைச் சிறுநீரக நோய் தாக்குவது 1990களில் கண்டறியப்பட்டது. அதன் காரணம் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கின்றார்கள். அவர்கள் மீது குற்றம் எதுவும் இல்லை. வயலில் வேலை செய்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், நோய் வந்தது. என்னுடைய நோய்க்கோ காரணம் தெரியும். ஒரு ரூபாயும் செலவில்லாமல் அரசாங்க கிளினிக்கில் வாங்கிய குளிசையை ஒழுங்காக எடுத்திருந்தால் இந்த உரையை நான் நிகழ்த்த நேர்ந்திராது.

இனி அந்த இயந்திரத்தைப் பற்றி. நெதர்லாந்திலே கம்பன் என்றொரு சிறிய நகரம் உண்டு. பெயரைக் கேட்டு நேயர்கள் மகிழலாம். ஜேர்மானியர் அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்த 1943ஆம் ஆண்டில், அந்த நகரத்து வைத்தியசாலையிலே வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர், இறைச்சி அடைக்கும் செலோபேன் உறைகளை மர உருளையொன்றிலே சுற்றிச் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றைச் செய்தார். அதிலே முதலில் சிகிச்சை பெற்ற பலரைக் காப்பாற்ற முடியவில்லை. 1945இல் ஒரு மூதாட்டி பிழைத்தார். இன்று உலகமெங்கும் என் போன்றோரை உயிரோடு வைத்திருக்கும் இயந்திரங்களுக்கெல்லாம் அந்த மர உருளையே மூதாதை.

என் இடது கையிலே நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்திருக்கின்றார்கள். பிஸ்டுலா என்பார்கள். 1966இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தப்பட்ட முறை அது. அந்த இடத்தில் காதை வைத்தால் சங்கைக் காதில் வைத்தது போல ஓர் இரைச்சல் கேட்கும். இரவிலே மனைவி அந்தக் கையில் விரலை வைத்துப் பார்த்து, இரைச்சல் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் நித்திரைக்குப் போவார். அது நின்றால் என் வழி அடைபட்டது என்று பொருள்.

ஒருமுறைக்கு நான்கு மணித்தியாலம். வாரத்தில் இரு தடவை. மொத்தம் 8 மணித்தியாலம். ஒரு வாரத்திலே 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. சிறுநீரகம் 168 மணித்தியாலமும் செய்கின்ற வேலையை இயந்திரம் எட்டு மணித்தியாலத்தில் செய்து முடிக்க வேண்டும். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் இந்தக் கணக்குச் சரிவராது. மிச்சக் கணக்கை நோயாளிதான் வாயைக் கட்டித் தீர்க்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை அளந்து ஒரு போத்தலில் வைத்துவிடுவோம். தேநீரும் சொதியும் அதிலேதான் கழியும். சித்திரை வெயிலில் நாவறண்டால் ஐஸ்கட்டித் துண்டொன்றை வாயில் வைத்துக்கொள்வேன். பொற்றாசியம் கூடினால் இருதயம் நின்றுவிடும் என்பதால் இளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, மாம்பழம் ஆகாது. மரக்கறியை அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சமையல். காமரங்காய் எங்கள் போன்றோருக்கு நஞ்சு. முற்றத்திலே கறுத்தக்கொழும்பான் பழுத்து விழும் சத்தம் கேட்கும். பொறுக்கி அயலுக்குக் கொடுத்துவிடுவோம். அந்த வகையில் எனக்கும் கொஞ்சம் ஈகைப் புகழ் உண்டு.

2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாத மாதங்கள் நேயர்களுக்கு நினைவிருக்கும். பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. கல்லூரியின் உயர்தர மாணவர்கள் முறைவைத்துத் தங்கள் சைக்கிளில் என்னை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் சிகிச்சை பெற்ற முதியவருக்கு ஏற்றிவர யாரும் இருக்கவில்லை. இரண்டு முறை வரவில்லை. மூன்றாம் முறை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

நேயர்களே, மாற்றுச் சிறுநீரகம் என்பது இந்தக் கணக்கையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடக் கூடியது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆந் திகதி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்திலே ஜோசப் மறே என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் றொனால்ட் ஹெரிக் என்ற இளைஞரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சாட்டுக்குப் பொருத்தினார்கள். முழு வெற்றி கண்ட முதல் மாற்றுச் சத்திரசிகிச்சை அதுவே. ஒரே உருவான இரட்டையர் என்பதால் ஒருவரது உடம்பு மற்றவரது உறுப்பை அந்நியம் என்று தள்ளவில்லை. றிச்சாட் மேலும் எட்டு வருடங்கள் வாழ்ந்தார், திருமணம் செய்தார், பிள்ளைகளைப் பெற்றார். கொடுத்த றொனால்ட் கணித ஆசிரியராகப் பணியாற்றி 2010இல், 79ஆவது வயதில் காலமானார். மறேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நோர்வே மண்ணில் கிடைத்த பூஞ்சணமொன்றிலிருந்து சைக்குளோஸ்போரின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டு 1980களில் வழக்குக்கு வந்தபின், இரட்டையர் அல்லாதாரிடையேயும் இது பெருமளவில் சாத்தியமாயிற்று. எங்கள் நாட்டிலும் அந்த ஆண்டுகளிலேயே இச்சிகிச்சை தொடங்கியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மனித இழையங்களைக் கொடையளிப்பதற்கு வழிவகுத்தது.

பொஸ்ரன் கதையிலே இன்னொரு செய்தி இருக்கின்றது. அதைச் சற்றுப் பின்னர் சொல்லுகின்றேன்.

கொடையாளிக்கு என்ன நேரும்? எஞ்சியிருக்கும் ஒரு சிறுநீரகம் சற்றுப் பெருத்து, இரண்டின் வேலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் வழமைபோல வாழ்கின்றார்கள். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய். 2010இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று, கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு மூவர் அளவில் சத்திரசிகிச்சையை அடுத்து இறந்ததாகக் கண்டது. பிற்காலத்தில் குருதியமுக்கம் கூடுவதற்கும் சிறிதளவு இடமுண்டு. பத்தாயிரத்தில் மூன்று சிறிய எண்தான். ஆனால் அந்த மூன்றில் ஒருவர் என் வீட்டு ஆளாக இருந்தால்? இந்தக் கேள்வி நித்திரை கொள்ள விடாது.

திருக்குறளின் 106ஆவது அதிகாரம் இரவு. இரத்தல், அதாவது கேட்டுப் பெறுதல். அதற்கு அடுத்த அதிகாரம் இரவச்சம், கேட்பதற்கு அஞ்சுதல். ஒன்றிலே தக்காரிடம் கேட்பதில் இழிவில்லை என்பதுபோலப் பேசியவர், மறு அதிகாரத்திலே கேட்பதைப் போல இழிவில்லை என்கிறாரே, இது முரண் அல்லவா என்று மாணவர்கள் கேட்பார்கள். பரிமேலழகரைத் துணைக்கழைத்து ஏதோ சமாதானம் சொல்லுவேன். இப்போது சமாதானம் தேவைப்படவில்லை. ஒரே மனிதன் ஒரே இரவில் இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவிலே புரண்டு படுப்பான் என்பதை நான் அறிவேன். பணத்தைக் கேட்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். உன் உடம்பிலே ஒன்றை வெட்டித் தா என்று எந்த வாயால் கேட்பது?

நான் கேட்கவில்லை. அம்மா தானாகவே வைத்தியரிடம் போனார். "என்ரையை எடுத்துத் தம்பிக்கு வையுங்கோ ஐயா. நான் இனி எத்தினை நாளைக்கு?" என்றார். அம்மாவுக்கு 73 வயது, நீரிழிவும் உண்டு. முடியாதென்று வைத்தியர் சொன்னபோது அம்மா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மனைவி முன்வந்தார். என் குருதி ஓ வகை. ஓ வகையினர் யாருக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓ வகையிடம் மாத்திரமே பெறலாம். மனைவியின் குருதி பீ வகை. சில நாடுகளில் இப்படிப் பொருந்தாத இரு குடும்பங்கள் தமக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. எங்களுக்கு அப்படியொரு குடும்பம் வாய்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் அண்ணர் ஞாயிறுதோறும் தொலைபேசியில் கதைப்பவர். இந்தச் செய்தி போனபின் அண்ணிதான் கதைக்கின்றார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அண்ணர் கொடுக்காதவர் என்று ஊர் சொல்லும். என் படிப்புச் செலவு முழுவதும் பனியில் நின்று அவர் உழைத்து அனுப்பிய காசு. ஒருவன் எத்தனை தடவைதான் கொடுப்பான்?

இந்தக் கட்டத்திலே இன்னொருவர் வந்தார். தேநீர்க்கடையில் அறிமுகமானவர். "மாஸ்டர், மலைநாட்டிலை ஒரு பொடியன் இருக்கிறான். ஓ குறூப். கடுதாசியிலை மச்சான் முறை எண்டு போட்டுவிடலாம்" என்று சொல்லி ஒரு தொகையையும் சொன்னார். உறுப்பை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனம் அதை உலகளாவிய அநீதியென்று கண்டித்ததும் தெரியும். இருந்தும் நேயர்களே, வெட்கத்தோடு சொல்லுகின்றேன், இரண்டு இரவுகள் நான் சேமலாப நிதிக் கடனைக் கணக்குப் பார்த்தேன். மூன்றாம் நாள் வகுப்பிலே குமணன் வந்தான்.

குமணனின் கதை உங்களுக்குத் தெரியும். நாட்டைப் பறித்த தம்பி, அண்ணன் தலைக்கு விலை வைத்தான். காட்டிலிருந்த குமணனிடம் பெருந்தலைச் சாத்தனார் பரிசில் கேட்டு வந்தார். கொடுக்க வேறொன்றும் இல்லாத குமணன் வாளை எடுத்துப் புலவர் கையிலே கொடுத்தான், என் தலையைக் கொண்டுபோய் அந்தப் பொருளைப் பெற்றுக்கொள் என்று. புலவர் தலையை வெட்டவில்லை. வாளை மாத்திரம் எடுத்துச் சென்று தம்பியிடம் காட்டிப் பாடினார். அன்று கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்கு உறைத்தது. உடம்புக்கு விலை வைக்கிறவன் ஒருவன், உடம்பைக் கொடுக்கிறவன் ஒருவன். நடுவிலே கையில் வாளோடு நிற்பவன், கேட்டு வந்தவன். அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அந்தக் கதை நிற்கிறது. அந்த மலைநாட்டுப் பொடியனுக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு தாய் இருப்பாள். இரண்டு வருடங்களில் காசு கரைந்துவிடும், தழும்பு கரையாது. தேநீர்க்கடைக்காரரின் நண்பருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் தங்கச்சி வந்தாள். வவுனியாவிலே வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் ஓ வகை. உடன்பிறந்தவர்களிடையே இழையம் முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டென்று வைத்தியர் சொல்லியிருந்தார். "நான் தாறன் அண்ணா. எனக்கு ரெண்டு இருக்குத்தானே" என்றாள், சீனி இரவல் தருவதுபோல. மச்சான் ஒன்றும் பேசாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனத்தின் நியாயம் எனக்கு விளங்கியது. "உனக்கென்ன விசரே? பிள்ளையளைப் பார்" என்று அவளை ஏசி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் வகுப்பிலே கண்ணப்பர் கதை. வேடனாகிய திண்ணன், காளத்தியிலே இறைவனின் வலது கண்ணில் குருதி வழியக் காண்கிறான். பச்சிலை பிழிகிறான், நிற்கவில்லை. சதைக்குச் சதையே மருந்து என்ற பழைய வார்த்தை நினைவுக்கு வர, தன் வலது கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்புகிறான். குருதி நின்றது, கூத்தாடினான். பிறகு இடது கண்ணிலும் குருதி. அடையாளத்துக்காக இறைவன் கண்ணருகே தன் காலை ஊன்றிக்கொண்டு, மற்றக் கண்ணிலும் அம்பை வைக்கிறான். அப்பொழுது இறைவன் கை நீட்டி அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கிறான். கதையைச் சொல்லி முடித்தேன். பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான். "சேர், ரெண்டாவது கண்ணைத் தடுத்த கடவுள் முதல் கண்ணை ஏன் தடுக்கேல்லை?" என்று கேட்டான். இருபது வருடமாக இந்தக் கதையைச் சொல்லுகின்றேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நாளைக்குச் சொல்லுகிறேன் என்றேன்.

அந்த நாளை வருவதற்குப் பல மாதங்கள் சென்றன. இப்போது பொஸ்ரன் செய்தியைச் சொல்லலாம். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, நோயாளியான றிச்சாட் தன் சகோதரருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினாராம், நீ இங்கிருந்து புறப்பட்டு வீட்டுக்குப் போய்விடு என்று. நான் வந்துவிட்டேன், இங்கேதான் இருப்பேன் என்று றொனால்ட் பதில் அனுப்பினாராம். இதைப் படித்தபோது, தங்கச்சியை ஏசி அனுப்பியதில் நான் புதிதாக எதையும் செய்துவிடவில்லை என்று தெரிந்தது. அவளும் பதில் வைத்திருந்தாள். அடுத்த மாதம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். மச்சான் என் கையைப் பிடித்து, "அவ யோசிச்சுத்தான் சொல்லுறா மச்சான். நானும் யோசிச்சிட்டன்" என்றார். "சரி தங்கச்சி" என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன மிகக் கடினமான இரண்டு சொற்கள் அவை. கொடுப்பதற்குத் துணிவு வேண்டும் என்று நூல்கள் சொல்லுகின்றன. பெற்றுக்கொள்வதற்கும் அது வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரவு பஸ்ஸில் கண்டிக்குப் போனோம். ஒரு தடவையல்ல, பல தடவை. கிளினிக் வாசலிலே மதவாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் அறிமுகமானார். அவருக்கு மனைவி கொடுக்க இருந்தார். என் சிங்களம் அரைகுறை, அவருடைய தமிழ் அதைவிடக் குறைவு. வயல் பொது, வீடு பொது, இதுவும் பொதுவாக இருக்கட்டும் என்று மனைவி சொன்னதாக அவர் சொல்லிச் சிரித்தார். அந்த அம்மா கொண்டுவந்த சோற்றுப் பார்சலை எங்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். தங்கச்சியும் அவரும் மொழியில்லாமலே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கொடையாளியை வைத்தியர்கள் தனியாக அழைத்துக் கதைப்பார்கள். நோயாளியோ கணவரோ பக்கத்தில் இருக்க முடியாது. யாரும் வற்புறுத்தினார்களா, பணம் கைமாறியதா, முழுமனதோடுதான் சம்மதமா என்று கேட்பார்கள். மயக்க மருந்து ஏற்றும் கணம் வரையில் வேண்டாமென்று சொல்லும் உரிமை கொடையாளிக்கு உண்டு. அப்படிச் சொன்னால், பல நாடுகளிலே வைத்தியர்கள் காரணத்தைக் குடும்பத்தாருக்கு வெளிவிடாமல், பொருத்தமில்லை என்று மாத்திரம் சொல்லிவிடுவார்கள். வீட்டிலே முகங்கொடுத்து வாழ வேண்டியவர் அல்லவா?

மூன்றாவது முறை போனபோது நிபுணர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் சகோதரி பொருத்தமான கொடையாளி இல்லை" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பஸ்ஸில் தங்கச்சி ஜன்னல்பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள். குருதியிலா, சிறுநீரகத்திலா, மனதிலா, எதிலே பொருத்தமில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன். அந்தக் கதவு அவளுக்காக வைக்கப்பட்டது. அதைத் திறந்து பார்ப்பது அண்ணன் வேலை அல்ல. அவள் தருகிறேன் என்று சொன்னதும், நான் சரி என்று சொன்னதும் நடந்தவை. அவற்றை எந்தப் பரிசோதனை முடிவும் இல்லையென்றாக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சில நாட்களின் பின், 16 வயதான மகனின் அப்பியாசக் கொப்பியை எதற்கோ புரட்டினேன். கடைசிப் பக்கத்திலே, ஓ என்று எழுதிச் சுற்றிவரக் கோடு போட்டிருந்தான். அதன் கீழே தான் 21 வயதாவதற்கு இன்னும் எத்தனை மாதங்கள் என்று கழித்துப் பார்த்திருந்தான். பாடசாலையில் வைத்துக் குருதி வகை பார்த்திருக்கிறான். எங்களுக்குச் சொல்லவில்லை.

அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "உன்ரை வேண்டாமடா" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. கையைப் பிடித்தபடி இருந்தபோதுதான் பின்வாங்கு மாணவனின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது.

அடுத்தநாள் வகுப்பிலே சொன்னேன். முதற் கண்ணைத் தடுத்திருந்தால், கண்ணப்பனின் அன்பு வாய்ப்பேச்சாகவே நின்றுபோயிருக்கும். ஆகவே அதை ஏற்றுக்கொண்டான். இரண்டாவதைத் தடுக்காதிருந்தால், கொடுத்தவன் இருட்டிலே போயிருப்பான். ஆகவே கையைப் பிடித்தான். ஒன்றை ஏற்கவும் ஒன்றைத் தடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும், அது பெறுகிறவனின் கடமை என்றேன். அந்த மாணவன் சிறிது யோசித்து, "சரி சேர்" என்று இருந்துவிட்டான். அவன் திருப்திப்பட்டானோ தெரியாது. சேக்கிழார் சம்மதிப்பாரோ அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்த விடை அதுதான்.

மதவாச்சி நண்பர் சில வாரங்களின் பின் தொலைபேசியில் வந்தார். சத்திரசிகிச்சை முடிந்து, மனைவியின் சிறுநீரகம் தனக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். மழை பெய்ததுபோலச் சிறுநீர் போனதாம். இப்படியொரு செய்தியை ஒருவர் தொலைபேசியில் அறிவிப்பதும் மற்றவர் கண்கலங்கக் கேட்பதும் எங்கள் கூட்டத்துக்குள் மட்டும் நடக்கக் கூடியது. மனைவி எப்படி என்று கேட்டேன். வயலுக்குப் போகப் பார்க்கிறாள், மறித்து வைத்திருக்கிறோம் என்றார்.

எங்கள் நாடு கொடுக்கத் தெரியாத நாடல்ல. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தைத் தொடங்கினார். 1964இல் இங்கிருந்து முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அதற்குப் பின்னர் எத்தனையோ நாடுகளிலே மனிதர்கள் இலங்கையர் கண்களால் உலகத்தைப் பார்க்கின்றார்கள். சிபி மன்னனின் கதையை அவர்கள் பன்சலையிலே கேட்டு வளர்கின்றார்கள், நாங்கள் கோயிலிலே கேட்டு வளர்கின்றோம். மன்னன் ஒருவன்தான்.

நேயர்களிடம் நான் சிறுநீரகம் கேட்டு இங்கே வரவில்லை. வேறு இரண்டு சிறிய விடயங்களைக் கேட்டு விடைபெறுகின்றேன். இன்றைக்கே உங்கள் குருதியமுக்கத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்த குளிசையை, தலையிடி இல்லாத நாளிலும் எடுங்கள். மற்றது, உங்கள் குடும்பத்திலே யாராவது ஒருவர் கொடுக்க முன்வந்தால் அவரைத் தெய்வமாக்காதீர்கள், கொடுக்கப் பின்வாங்கினால் அவரைக் கொடியவராக்காதீர்கள். இரண்டு பேரும் நாளைக்கும் ஒரே வீட்டிலே சாப்பிட வேண்டியவர்கள்.

வள்ளுவர் அந்த ஐந்தாவது ஆளை மருந்து அதிகாரத்திலே வைக்காததன் பொருத்தத்தைச் சொல்வதாகத் தொடக்கத்திலே கூறினேன். வைத்தியரைத் தேடிப் போகலாம், மருந்தைக் கடையில் வாங்கலாம், பணிவிடைக்கு ஆள் வைக்கலாம். அந்த ஐந்தாவது ஆளைத் தேடவும் முடியாது, வாங்கவும் முடியாது. அவர் வந்தால்தான் உண்டு. வராமற் போனால் அவர்மேல் குற்றமும் இல்லை. அன்பின் இயல்பு அப்படித்தான் இருக்கின்றது.

நாளைக் காலை எனக்குச் சுத்திகரிப்பு நாள். ஏழு மணிக்குக் கட்டிலில் இருக்க வேண்டும். பிற்பகல் பாடவேளைக்கு வந்துவிடுவேன் என்று மாணவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கின்றேன். இன்று இரவும் மனைவி என் இடது கையில் விரல் வைத்துப் பார்ப்பார். இரைச்சல் இருக்கும். வாசற்கதவைத் தாழிடும்போது ஒருகணம் தெருவைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. யாராவது வருகிறார்களா என்று.